பினாங்கில் பொங்கல்: கரும்பு சொல்லும் வரலாறு



விளைச்சலை வீட்டிற்குக் கொண்டு வந்ததும் நன்றி கூறி விழா எடுப்பது, உழவறிந்த இனங்கள் பலவற்றுக்கும் பொதுவான பண்பாகும். அமெரிக்காவில் 1621-ஆம் ஆண்டு பிளிமத் குடியேறிகளும் வாம்பனோவாக் பழங்குடியினரும் சேர்ந்துண்ட அறுவடை விருந்தையே நன்றி நவிலும் நாளின் தொடக்கமாகக் கூறுவர். நம் நாட்டில் சபா மாநிலத்தார் மே இறுதியில் காமாத்தான் விழாவையும், சரவாக் டாயாக் மக்கள் சூன் முதல் நாளில் காவாய் விழாவையும் கொண்டாடுகின்றனர். தமிழருக்கு அந்நாள் தைப்பொங்கல்.

ஆயினும், பினாங்குத் தமிழரின் பொங்கலுக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றம் அமைத்த பின்னர்த் தமிழ் வணிகரும் தொழிலாளரும் இங்குப் பெருகினர். சூலியா தெரு இன்றும் அதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், எதிர்க்கரையாகிய செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் விரிந்தன. பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களில் கரும்பு வெட்ட, நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் நம் முன்னோர். பொங்கற் பானையின் அருகே இன்று நாம் அழகாகக் கட்டும் கரும்பே, அன்று அவர்களை இங்கு இழுத்து வந்த பயிர்! அவர்கள் வெட்டிய கரும்பின் இலாபமோ துரைமார்க்கே உரியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து பால்மரம் வந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. பால்மரத்திற்கு நெல்லைப் போல் அறுவடைத் திங்கள் என ஒன்றில்லை. ஆகவே, தை மாதத்திற்கும் அவர்தம் உழைப்பிற்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அப்படியிருந்தும் தோட்டத்து மக்கள் பானை வைத்தனர். மாடு வளர்த்தோர் மாட்டுப் பொங்கலும் கொண்டாடினர். விளைநிலத்தை இழந்தும் நன்றியுணர்வை இழவாத அவர்தம் திறம் வியக்கத்தக்கது.

பின்னர், 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சமயம், சாதி கடந்து தமிழர் ஒன்றுகூடும் நாளாகப் பொங்கலை அவர் கண்டார். அந்நோக்கின் அருமை 2020 சனவரியில் நமக்கு மீண்டும் புலப்பட்டது. பள்ளிகளில் நடைபெறும் பொங்கல் குறித்துக் கல்வி அமைச்சு விடுத்த கடிதத்தை ஒட்டி, இது சமய விழாவா, பண்பாட்டு விழாவா என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. அவ்வினாவிற்கு நம் மாணவர்கள் விடை சொல்ல வேண்டுமெனில், பொங்கலின் வரலாற்றை அவர்கள் முதலில் அறிந்திருக்க வேண்டுமன்றோ?

வேட்டி சேலை உடுத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு பள்ளிப் பொங்கல் முடிந்துவிடலாகாது என்பதே என் கருத்து. வட செபராங் பிறையில் நெல்வயல்கள் இன்றும் உள்ளன. மாணவர்களை அங்கு ஒரு நாள் அழைத்துச் செல்லலாம். "நம் குடும்பம் எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தது? அங்கே பொங்கல் எவ்வாறு நடந்தது?" எனத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் செய்யலாம். நான் என் வகுப்பில் இப்பயிற்சியைக் கொடுத்து வருகிறேன். பெற்றோர்களும் உடனமர்ந்து அம்முதியோரின் சொற்களைக் குறித்து வைத்தல் வேண்டும். தோட்ட வாழ்வைக் கண்ணால் கண்ட தலைமுறை நம்மிடையே அருகி வருகின்றது.

கதிரவனுக்கும் கால்நடைக்கும் நன்றி கூறும் நாம், கரும்பு வெட்டியும் பால்மரம் சீவியும் நம்மை வாழவைத்த அம்மக்களுக்கும் நன்றி கூறுவோம்.