பெரம்பலூர், அரியலூர் வான்வழி: ராடார் பார்வையின் வளர்ச்சியும் எல்லையும்

முன்னுரை

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 55 முதல் 60 கி.மீ. தொலைவில் உள்ளன. சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும் விமானங்கள் தரையிறங்கத் தாழ்ந்து வருவது இப்பகுதி வானில்தான். அவற்றை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளருக்குப் பார்வை எப்படிக் கிடைத்தது, அது எந்த உயரத்தில் நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உயர்வானில் பார்வை விரிந்த ஒவ்வொரு கட்டமும் பேரிழப்புக்குப் பின்னரே நிகழ்ந்தது. தாழ்வானம் இன்னும் பின்தங்கியிருக்கிறது என்பதே இதன் கருதுகோள்.

பார்க்காமல் நடத்திய காலம்

ராடார் வருவதற்கு முன்பு விமானி தன் இடத்தையும் உயரத்தையும் நேரத்தையும் வானொலியில் சொல்வார். கட்டுப்பாட்டாளர் காகிதப் பட்டையில் குறித்துக்கொள்வார். ஒரே உயரத்தில் ஒரே பாதையில் செல்லும் இரு விமானங்களுக்கு இடையே பொதுவாகப் பத்து நிமிட இடைவெளி விடப்படும். ஜெட் வேகத்தில் அது சுமார் 150 கி.மீ.; திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு. ராடார் இருந்தால் இந்த இடைவெளி ஐந்து கடல் மைலாக, அதாவது 9 கி.மீ. அளவுக்குச் சுருங்கும்.

இதே தர்க்கத்தில் இயங்கியது அரியலூர் வழியே செல்லும் ரயில் பாதை. அடுத்த நிலையம் வரை வேறு வண்டி இல்லை என்று தகவல் வந்தால் ரயில் புறப்படலாம். ஆனால் இடையிலுள்ள பாலத்தின் நிலையை அந்த ஏற்பாட்டால் சொல்ல முடியாது. 1956 நவம்பர் 23 அன்று வெள்ளத்தில் சேதமுற்ற மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தனர். அப்பகுதி எந்த ராடாரின் பார்வைக்கும் உட்படவில்லை. அதன் விளைவாகவே 1958இல் அந்நாட்டில் புதிய விமானப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. ராடார் வலையும் விரிவாக்கப்பட்டது.

உயரம் காட்டாத திரை

இந்தியாவுக்கு அந்தப் பாடம் நாற்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில், மேலேறிக்கொண்டிருந்த சவூதி போயிங் 747 விமானமும் இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின் விமானமும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் அனுமதிக்கப்பட்டிருந்தன. பின்னது தன் எல்லைக்குக் கீழே இறங்கியது.

அன்று டெல்லியில் இருந்தது முதன்மை ராடார். அது திசையையும் தொலைவையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. எனவே விமானி வாயால் சொன்ன உயரத்தையே கட்டுப்பாட்டாளர் நம்ப வேண்டியிருந்தது. நீதிபதி ஆர்.சி. லஹோட்டி ஆணையம் விசாரித்தது. இவ்விபத்துக்குப் பின் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைக் கேட்டு உயரத்தைப் பெறும் இரண்டாம் நிலை ராடார் டெல்லியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் தனிப் பாதைகள் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று.

பூமியின் வளைவு விதிக்கும் எல்லை

ராடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும், பூமியோ வளைந்தது. ஆகவே தொலைவு கூடக்கூட, ராடாருக்குத் தென்படும் மிகக் குறைந்த உயரமும் கூடும். சென்னை விமான நிலையத்திலிருந்து பெரம்பலூர் நேர்கோட்டில் சுமார் 240 கி.மீ. சென்னையில் 30 மீட்டர் உயரத்தில் அமைந்த ராடாருக்கு, பெரம்பலூருக்கு மேலே சுமார் 2,800 மீட்டருக்குக் கீழே பறக்கும் எதுவும் தெரியாது என்று கணக்கு காட்டுகிறது. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் திருச்சியை நெருங்கும் விமானம் பெரம்பலூர் அருகே வரும்போது ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கும். அதாவது கவனம் மிகத் தேவைப்படும் இறுதிக் கட்டத்தில்தான் அது சென்னை ராடாரின் அடிவானத்துக்குக் கீழே மூழ்குகிறது.

திருச்சியிலேயே அதே உயரத்தில் ஓர் ஏற்பி இருந்தால், தடையற்ற நிலத்தில் பெரம்பலூர் மேலே 60 மீட்டர் அளவிலேயே விமானம் தெரிந்துவிடும். விமானம் தானே தன் இடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி முறைக்கு இப்படிப்பட்ட ஏற்பிகள் போதும். அவற்றின் செலவு ராடாரைவிட மிகக் குறைவு. பச்சைமலை போன்ற மலைகள் மறைக்கும் திசைகளுக்குக் கூடுதல் ஏற்பி வேண்டும். ஒலிபரப்புக் கருவி இல்லாத விமானத்தை இம்முறை காணாது என்பதால் ராடாரின் தேவையும் நீங்கிவிடவில்லை.

இப்பகுதியின் வானம் முன்போல வெறிச்சோடியதும் அல்ல. தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 2013இல் திறக்கப்பட்டு, 2020 முதல் சுகோய் போர் விமானங்களின் இருப்பிடமாயிற்று. திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

கருவி மட்டும் போதாது என்பதை 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் 71 உயிர்களைப் பறித்த மோதல் காட்டுகிறது. அன்றிரவு பராமரிப்புக்காகக் கட்டுப்பாட்டு மையத்தின் முக்கிய வசதிகள் நிறுத்தப்பட்டிருந்தன. கட்டுப்பாட்டாளர் ஒருவரே இரண்டு திரைகளைக் கவனித்தார்.

முடிவுரை

பரந்த ராடார் வலை இருப்பதாலேயே ஒவ்வொரு விமான நிலையத்தின் அருகிலும் பார்வை முழுமையாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. ஒவ்வொரு விமான நிலையத்தைச் சுற்றியும் எந்த உயரம் வரை பார்வை உண்டு என்பதை அளந்து வெளியிட வேண்டும். ஒரு கருவி நின்றால் கைகொடுக்க மாற்றுக் கருவியும், ஒவ்வொரு பணிமுறையிலும் போதிய கட்டுப்பாட்டாளர்களும், விமானப்படையுடன் உடனுக்குடன் தகவல் பரிமாற்றமும் வேண்டும். மருதையாறும் சர்க்கி தாத்ரியும் விபத்துக்குப் பிறகு நம்மைத் திருத்தின. தாழ்வானத்தின் குறையை விபத்துக்கு முன்பே சரிசெய்வது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.