உள்ளாட்சித் தலைவர்களும் காலநிலை விழிப்புணர்வும்

காலநிலை உடன்பாடுகளில் கையெழுத்திடுவது நாடுகள். அவற்றின் பொருளை ஊர் மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை பெரும்பாலும் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், மேயர் ஆகியோர் தலையில் விழுகிறது. இந்தியாவில் இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பதினொன்றாம் அட்டவணையில் அடுக்கியது. சமூகக் காடு வளர்ப்பு, குடிநீர், மரபுசாரா எரிசக்தி மூன்றும் அதில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் ஓடந்துறை. கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஊராட்சி இது. 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகம் புவி வெப்பமாதலைச் சொல்லித் தொடங்கவில்லை. கரண்ட் பில்லில் இருந்து தொடங்கினார். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் தொகை ஏறிக்கொண்டே போனது. சூரியசக்தி விளக்குகள் வந்தன. மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டாரை ஓட்டும் சிறு அமைப்பு வந்தது. அடுத்து 2006-இல், ஊராட்சிக்கென்றே 350 கிலோவாட் காற்றாலை ஒன்று வாங்கப்பட்டது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன்.

காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குள் போகிறது. ஊராட்சியின் பயன்பாடு அதிலிருந்து கழிக்கப்படுகிறது. மிஞ்சியதை வாரியமே விலைக்கு எடுத்துக்கொள்கிறது. செலவுக் கணக்கில் இருந்த மின்சாரம் வரவுக் கணக்குக்கு மாறியபோது, காற்றாலை எதற்கு என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லாமல் போனது. வெளிநாட்டுக் குழுக்களும் இதைப் பார்க்க வந்தன.

கேரளத்தின் வயநாட்டில் உள்ள மீனங்காடி வேறு வழியில் போனது. கார்பன் சமநிலை ஊராட்சி ஆவது என்ற திட்டம் 2016-இல் அங்கே தொடங்கியது. ஊர் வெளியிடும் கரியமில வாயு எவ்வளவு, மண்ணும் மரமும் உள்வாங்குவது எவ்வளவு என்று முதலில் கணக்கெடுத்தார்கள். பிறகு வந்தது ‘மர வங்கி’. தன் நிலத்தில் நட்டு வளர்க்கும் மரத்தை உழவர் கூட்டுறவு வங்கியில் ஈடாக வைக்கலாம். மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கும். மரத்தை வெட்டினால்தான் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். நிற்கும் மரத்துக்கும் விலை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் துண்டறிக்கையும் சொல்லிவிட முடியாது.

நகரங்களில் பாடம் பேரிடரில் இருந்து வந்தது. 2010 மே மாத வெப்ப அலையின்போது அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன் விளைவாக 2013-இல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிற எச்சரிக்கை, கைபேசிக் குறுஞ்செய்தி, தண்ணீர்ப் பந்தல், மருத்துவமனைப் பணியாளர்களுக்குப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. இந்தியாவின் பல நகரங்கள் பின்னர் இதைப் பின்பற்றின. சியரா லியோனின் ஃபிரீடவுன் நகரிலும் இதே கதைதான்: 2017 மண்சரிவில் ஆயிரம் பேர் வரை மாண்ட ஊரில், 2018-இல் மேயரான இவோன் அகி-சாயர் பத்து லட்சம் மரக்கன்றுகள் நடும் திட்டத்தை முன்னெடுத்தார். நட்டதோடு நிற்காமல், கன்றைப் பராமரித்துப் படத்துடன் பதிவு செய்வோருக்கு ஊதியமும் கொடுக்கப்பட்டது.

இந்த முயற்சிகள் பலவும் ஒரு தலைவரின் பதவிக்காலத்தையே நம்பி இருப்பது பெரிய பலவீனம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2019 டிசம்பர் வரை ஊரக உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை; தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். மூன்றாண்டுக்கும் மேலாக, போய்க் கேள்வி கேட்கத் தலைவர் என்று ஒருவர் இல்லை. இந்த இழப்பு போதிய அளவு பேசப்படவே இல்லை.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மின் கட்டணத்துக்கு எவ்வளவு போகிறது, நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று அங்கே எந்த வாக்காளரும் எழுந்து கேட்கலாம். உங்கள் ஊரின் அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.