நியூயார்க்கில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு வீடு கிடைத்த வரலாறு

1981 ஜூனில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் முதன்முதலாகப் பதிவான எய்ட்ஸ் நோய், சில ஆண்டுகளுக்குள் நியூயார்க் நகரில் வீட்டுப் பிரச்சினையாகவும் உருவெடுத்தது. உடல் தளர்ந்து வேலையை இழந்தவர்கள் வாடகை கட்ட இயலாமல் தெருவுக்கு வந்தனர். வேறு சிலர் சிகிச்சை முடிந்தும் போக இடமின்றி மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்தனர்.

1985 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் அன்னை தெரசா கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் தொடங்கிய இல்லத்திற்கு முதலில் வந்தவர்கள், அவர் வேண்டுகோளின்பேரில் சிங் சிங் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட மூன்று கைதிகள் ஆவர். அது இறுதிக்காலப் பராமரிப்புக்கான இடம். அடுத்த ஆண்டு அதே பகுதியில், பழைய விடுதி ஒன்றைச் சீரமைத்து 44 அறைகளுடன் திறக்கப்பட்ட பெய்லி-ஹோல்ட் இல்லமோ, ஒவ்வொருவருக்கும் தனி அறையும் அதே கூரையின்கீழ் பராமரிப்பும் ஆலோசனையும் தந்தது. உறைவிடத்தையும் சேவைகளையும் இவ்வாறு இணைத்து வழங்கும் முறையே ஆதரவு வீட்டுவசதி எனப்படுகிறது.

இந்நோய்க்குத் துணையைப் பறிகொடுத்தவர்களுக்குக் குடியிருந்த வீட்டையே காப்பாற்றிக்கொள்வதும் எளிதாக இருக்கவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் உள்ள வீட்டில், வாடகைதாரர் இறந்தபின் உடன் வாழ்ந்த குடும்பத்தினரை மட்டுமே வெளியேற்ற முடியாது என்பது விதி. ஆண் துணையை இழந்த ஆண் அந்தக் குடும்பத்தில் சேர்வாரா என்பதே பிராஷி என்பவர் தொடுத்த வழக்கின் கேள்வி. ஓட்டுநர் உரிமத்திலும் கடவுச்சீட்டிலும் இருந்த முகவரி, அங்கு வந்த தபால்கள், இருவரையும் இணையராகவே அறிந்திருந்த வாயிற்காவலர்கள் என அன்றாட வாழ்வின் சான்றுகளைக் கருத்தில் கொண்ட மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், திருமணச் சான்றிதழ் ஒன்றே குடும்பத்தைத் தீர்மானிக்காது என்று 1989-இல் தீர்ப்பளித்தது. மனிதர் வாழ்ந்த விதத்தைச் சட்டம் கண்திறந்து பார்த்த அரிய தருணம் அது.

1990-இல் ஆக்ட் அப் போராட்ட அமைப்பினர் சிலர் 'ஹவுசிங் வொர்க்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கி, போதைப்பழக்கத்தைக் காரணம் காட்டிப் பிற இல்லங்கள் திருப்பியனுப்பியவர்களுக்கும் இடமளித்தனர். அவ்வாண்டு நவம்பரில் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டத்தின்வழி உருவான ஹாப்வா திட்டம், நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் இத்தகைய வீட்டுவசதிக்கென நிதி வழங்கலாயிற்று.

1996-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபின் இவ்வில்லங்களின் பொருளே மாறியது. அன்றாடம் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளை, பூட்டி வைக்கக் கதவில்லாதவர் எங்கே பாதுகாப்பார்? சாகும்வரை தங்குவதற்கான இடம், சாவைத் தள்ளிப்போடும் சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. ஆயினும் நோய் முற்றி அறிகுறிகள் தோன்றியவர்களுக்கே நியூயார்க் நகராட்சி வீட்டு உதவி வழங்கிவந்தது. மருந்தால் நோய் முற்றாமல் நலமாக இருந்தவர் உதவிக்குத் தகுதி பெறாதது பெரும் அநீதி. நீண்ட போராட்டத்திற்குப் பின், 2016-இல்தான் அறிகுறிகள் இல்லாத, வருவாய் குறைந்த எச்.ஐ.வி. தொற்றாளர்களுக்கும் அவ்வுதவி விரிவுபடுத்தப்பட்டது.