ஒரே வண்டியைக் கொடுத்துப் பாருங்கள்

கோவில்பட்டி வட்டாரத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி, பூஞ்சிட்டு தனி. பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டு, பின்தங்கிய சாரதியைக் குறை சொல்ல எட்டயபுரம் சாலையில் ஒருவரும் துணிய மாட்டார். மாடுகள் நிகராக இருந்தால்தான் சாரதியின் கை தெரியும். கரிசல்காட்டுச் சிறுவர்களுக்கும் தெரிந்த நியாயம் இது.

ஃபார்முலா ஒன்னில் அந்தப் பிரிவினை கிடையாது. ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கிறது; பணமும் பொறியாளர்களும் மிகுந்த அணியின் கார் முன்னே பறக்கிறது. ஆகவே, அங்கே கார் ஓட்டிய நம் நாராயண் கார்த்திகேயனைப் பற்றி ‘கடைசியில்தானே வந்தார்’ என்று யாராவது பேசினால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

கோவை கரிவர்தன் மாருதி 800 இன்ஜினைப் பொருத்தி 1988-ல் ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்பதுதான் அவர் செய்த பெரிய காரியம். நாராயண் அந்தக் காரில்தான் பந்தயத்துக்கு வந்தார். 1996-ல் ஃபார்முலா ஆசியாவில் சாம்பியன் ஆனார்.

2005-ல் ஜோர்டான் அணி அவருக்கு இடம் கொடுத்தது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். ஆனால் ஜோர்டானின் நல்ல காலம் அதற்குள் முடிந்திருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அணியே கைமாறியது. மெல்போர்னில் முதல் பந்தயம். தகுதிச் சுற்றில் ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும், நடுவில் மழை. நாராயண் 12-வது இடம் பிடித்தார். யார் ஓட்டும்போது எவ்வளவு மழை பெய்தது என்பதும் அதில் கலந்திருந்தது, மறுப்பதற்கில்லை. மறுநாள் காய்ந்த தடத்தில் கார்களின் தரம் வெளிப்பட்டுவிட, 15-வதாக முடித்தார். அதே காரை ஓட்டிய டியாகோ மான்டீரோ 16-வது.

ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர்கள் அங்கிருந்த சரிவான கடைசி வளைவைத் தாங்காது என்று தெரிந்ததால், அந்த டயர் பூட்டிய 14 கார்களும் அறிமுகச் சுற்றோடு ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஃபெராரிகள் இரண்டும் முதலிரு இடங்கள். ஜோர்டான்கள் ஒரு சுற்று பின்னால். மான்டீரோ மூன்றாவது, நாராயண் நான்காவது, மினார்டிகள் அதற்கும் பின்னால். காரின் தரவரிசையே முடிவுப் பட்டியலானது. நான்காம் இடத்தால் நாராயணுக்குக் கிடைத்த ஐந்து புள்ளிகளை அதிர்ஷ்டம் என்பவர்கள், மற்றப் பந்தயங்களில் அவர் பின்தங்கியதற்கும் காரைத்தான் காரணமாக ஏற்க வேண்டும்.

அவர் கையைக் காண வேண்டுமானால் ஏ1 கிராண்ட் பிரீக்குப் போக வேண்டும். நாடுகளுக்கிடையிலான அந்தத் தொடரில் எல்லா நாட்டுக்கும் ஒரே லோலா சேசிஸ், ஒரே ஸைடெக் இன்ஜின். 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாய் தடத்தில் இந்திய அணிக்காக ஓட்டி வென்றார். மறு ஆண்டு இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் வென்றார். ஃபார்முலா ஒன் புள்ளிகளைவிட இந்த இரண்டு வெற்றிகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2011 அக்டோபர் 30-ல் டெல்லியை அடுத்த புத்தா தடத்தில் ஃபார்முலா ஒன்னின் முதல் இந்திய கிராண்ட் பிரீ. அன்று ஹெச்.ஆர்.டி. அணியின் மிக மெதுவான கார்களில் நாராயணும் டேனியல் ரிக்கியார்டோ என்ற ஆஸ்திரேலிய இளைஞரும் இருந்தார்கள். நாராயண் 17-வது, ரிக்கியார்டோ 18-வது. ஒரே நாளை வைத்து இவர்தான் உயர்ந்தவர் என்று தீர்ப்பெழுத மாட்டேன்; தகுதிச் சுற்றில் ரிக்கியார்டோதான் முந்தியிருந்தார். ஆனால் அந்த இளைஞரை 2014-ல் ரெட் புல் அணி தன் காரில் உட்கார வைத்தது. கனடா, ஹங்கேரி, பெல்ஜியம் என்று அந்த ஓராண்டிலேயே மூன்று பந்தயங்களை வென்றார்.

(தொடரும்)