திடகாத்திரம்: காலில் பிறந்த சொல்

ஸ்ரீரங்கத்தில் ரங்கா ரங்கா கோபுரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தச் சொல் காதில் விழும். "ஆளு திடகாத்திரமாத்தான இருக்கான், உழைச்சுச் சாப்பிட்டா என்ன?" கை நீட்டுகிறவருக்குச் சில்லறை போடாமல் நகர்கிறவர் சொல்வது இது. உறையூரில் ஒரு சாவு வீட்டுத் திண்ணையில் அதே சொல் வேறு குரலில் வரும்: "நேத்துச் சாயங்காலங்கூட திடகாத்திரமா நடந்து போனாரே." மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிவிட்டு உச்சிப்பிள்ளையார் முன்னால் மூச்சு வாங்காமல் நிற்கிற கிழவரைப் பார்த்தும் சொல்வார்கள்: "இந்த வயசுல எப்படித் திடகாத்திரமா இருக்காரு பாரு!"

மூன்று பேச்சிலும் ஓர் "ஆனால்" ஒளிந்திருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. நன்றாக இருந்தது, ஆனால் உயிர் போய்விட்டது. வயதாகிவிட்டது, ஆனால் உடம்பு தளரவில்லை. ஒழுங்காக வேலைக்குப் போய்வரும் இருபத்தைந்து வயது வாலிபனைத் திருச்சிக்காரர் யாரும் திடகாத்திரமானவன் என்று விசேஷமாகச் சொல்லிக் கேட்க முடியாது. பெண்களுக்கும் இந்தச் சொல் அபூர்வம். "நல்ல தாட்டியான பொம்பளை" என்று வேறு சொல்லைத் தேடுவார்கள்.

சொல்லைப் பிரித்தால் திடம், காத்திரம் என்று இரண்டு துண்டு. திடம் என்பது வடமொழி 'த்ருட', அதாவது உறுதியானது. ரிக் வேதத்திலேயே இருக்கும் சொல். திண், திண்மை, திட்பம் என்று தமிழில் ஒரு குடும்பம் இருக்கிறதே, திடம் அதிலிருந்து வந்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை நியாயமானது. வள்ளுவர் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனாலும் 'த்ருட' வடமொழியில் பழைய வேரோடும் கிளைகளோடும் நிற்பதால் திடத்தைக் கடன் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் திண்மை குடியிருந்ததால் வந்தவனுக்கு இங்கே அந்நியமே தெரியவில்லை. மனத்திடம் என்கிறோம், "காபி திடமா இருக்கணும்" என்கிறோம். யாரும் வடமொழி பேசுவதாக நினைப்பதில்லை.

காத்திரம்தான் சுவையான பாதி. 'கா' என்ற வடமொழி வேருக்குப் போதல் என்று பொருள். 'த்ர' கருவியைக் காட்டும் ஈறு. பருகுவதற்கான கருவி பாத்திரம், இட்டுச்செல்லும் கருவி நேத்திரம். அதே வழியில் போவதற்கான கருவி காத்திரம். முதலில் அது உறுப்பைக் குறித்தது, பிறகு உறுப்புகள் சேர்ந்த உடம்பு முழுவதையும் குறித்தது. மார்புச் சுற்றளவோ புஜத்தின் புடைப்போ இந்தச் சொல்லின் பிறப்பில் இல்லை. நடை இருக்கிறது.

தமிழ் நிகண்டுகள் காத்திரத்துக்கு இன்னொரு பொருளும் தருகின்றன: யானையின் முன்கால். இதைப் படித்த பிறகு ஸ்ரீரங்கத்தில் யானையை வேறு மாதிரி பார்க்கத் தோன்றுகிறது. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரியிலிருந்து தங்கக்குடத்தில் தீர்த்தம் வரும்போது அம்மா மண்டபம் சாலையில் கோயில் யானை ஆண்டாள் எடுத்து வைக்கும் முன்காலே பழைய பொருளில் திடமான காத்திரம். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் பெயரிலேயே ஆனையை வைத்துக்கொண்டு திருவானைக்காவல் என்று இருக்கிறது.

தெலுங்கில் காத்ரம் என்றால் பாடகரின் குரல். இலங்கைத் தமிழில் "காத்திரமான பங்களிப்பு" என்றால் கனமும் பயனும் உள்ள பங்களிப்பு. நம் ஊர் இலக்கிய விமர்சகர்களும் "காத்திரமான படைப்பு" என்று எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். திருச்சித் தெருப்பேச்சில் காத்திரம் தனியாக வருவதில்லை, திடத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

இந்தக் கடன் வருவதற்கு முன் உறையூரில் பலசாலியை எப்படிச் சொன்னார்கள்? அதற்குச் சாட்சி ஒரு பெண். கோழி என்பது உறையூரின் பழம்பெயர். அந்தப் பெருங்கோழியின் வணிகர் ஒருவருடைய மகள் நக்கண்ணையார், சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளியின் மேல் காதல் கொண்டு பாடியவை புறநானூற்றில் 83, 84, 85ஆம் பாட்டுகள். உறையூரை ஆண்ட தித்தனின் மகன் அவன், தந்தையோடு பகை. ஆமூரில் பேர்பெற்ற மல்லன் ஒருவனோடு மற்போர் செய்து வென்றான். அந்தப் போரைச் சாத்தந்தையார் 80ஆம் பாட்டில் படம் பிடித்திருக்கிறார். நக்கண்ணையாரோ பனைமரத்தோடு ஒட்டி நின்று ஊரார் கூச்சலைக் கேட்கிறார். கூழைக் குடித்தும் அவன் தோள் பெருத்திருக்கிறது, தான் மட்டும் பசலை பூத்து நிற்கிறேன் என்கிறார். உடம்பு முழுவதற்கும் சேர்த்து அவர் ஒரு சொல்லைத் தேடவே இல்லை. தோள், கழல் அணிந்த கால், கறுத்த தாடி என்று உறுப்பு உறுப்பாகவே பார்க்கிறார்.

பழந்தமிழின் வழக்கமே இதுதான் என்று தோன்றுகிறது. தோள் என்றால் வலிமை. தாள் என்றால் கால், முயற்சி என்றும் பொருள், தாளாண்மை அதிலிருந்து. போவதற்கான கருவியை உடம்பாக்கிய வடமொழியும், காலை முயற்சியாக்கிய தமிழும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த உறுப்புக் கணக்கு இன்னும் அழியவில்லை. கோபுரத்தடியில் சில்லறை போடாதவர் சில சமயம் "கை காலெல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றும் சொல்வார். அது திடகாத்திரத்தின் தமிழ் வடிவம்.

பக்கத்தில் நிற்கும் மற்றச் சொற்களைப் பற்றி ஓரிரு வார்த்தை. கட்டுமஸ்தில் உள்ள மஸ்து, வெறியேறிய நிலையைச் சொல்லும் பாரசீகச் சொல். உருது வழியாக வந்தது. மதம் பிடித்த யானைக்கும் அதே சொல்தான், ஆக இங்கேயும் யானை. ஆஜானுபாகு என்றால் முழங்கால் வரை நீண்ட கையை உடையவன். இராமனுக்குப் பொருந்தும். உயரமான இன்ஸ்பெக்டரை எல்லாம் ஆஜானுபாகு என்று எழுதும் கதாசிரியர்கள் ஒருமுறை அவர் கையை அளந்து பார்க்கலாம்.

திடகாத்திரத்தின் பழம்பொருளை உடம்பாலேயே காட்டுகிறவர்கள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள்: நம்பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள். ஜிம்முக்குப் போன உடம்பாக அவர்களில் பலருக்குத் தெரியாது. தோள் காய்த்திருக்கும், அவ்வளவுதான். பல்லக்கின் பெயரே தோளுக்கினியான். சுமப்பது மட்டும் அவர்கள் வேலை என்றால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சிம்மகதி, கஜகதி, சர்ப்பகதி என்று அவர்கள் நடைக்கு நடை பெயர் இருக்கிறது. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே கணத்தில் அடி எடுத்து வைக்க வேண்டும். ஒரு கால் பிசகினாலும் மேலே பெருமாள் சாய்வார். வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசலைக் கடந்து ஆயிரங்கால் மண்டபம் போகும் வரை, கூட்டத்தின் கண் பெருமாளின் ரத்தின அங்கியில் இருக்கும். அடியில் இருக்கும் கால்களைப் பாருங்கள்.

அரசாங்கத்துக்கு இப்படியெல்லாம் பார்க்க நேரமில்லை, அளவுகோல் வேண்டும். அதற்கு அது வைத்திருக்கும் சொல் உடற்தகுதி. (இலக்கணப்படி உடற்றகுதி. யாரும் அப்படி எழுதுவதில்லை, எழுதினால் அச்சுப்பிழை என்பார்கள்.) தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் போகும் ஆண், பொதுப் பிரிவில் 170 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும், 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். உடற்தகுதிக்குச் சான்றிதழ் உண்டு, திடகாத்திரத்துக்குக் கிடையாது. அது பார்க்கிறவர் வாயிலிருந்து வரும் தீர்ப்பு, பல சமயம் அவசரத் தீர்ப்பு. பிச்சை கேட்கிறவரின் கை கால் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நெஞ்சில் என்ன கோளாறு, இரவில் எத்தனை வலி என்பதெல்லாம் தெரிவதில்லை.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு இரண்டு சங்கதி. நடுவில் ஒற்று மிகாது: திடகாத்திரம் என்பதே சரி, 'திடக்காத்திரம்' வேண்டாம். இன்னொன்று, செய்திகளில் அடிக்கடி வரும் "திடகாத்திரமான உடல்". காத்திரம் என்றாலே உடல்தான். உடலுக்குள் இன்னோர் உடல் எதற்கு? "திடகாத்திரமான ஆள்" என்று எழுதினால் போதும்.