ஆணையும் பங்கும்: பாலக்காட்டுக் கணவாயிலிருந்து சீன அரசமரபுகளைப் பார்த்தல்

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூரின் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் கொங்கன் படை நடக்கிறது. கொங்கு நாட்டு மன்னன் ஒருவன் கணவாய் வழியே படையெடுத்து வந்தான், அம்மன் துணையோடு ஊரார் அவனை முறியடித்தார்கள் என்பது கதை. செண்டை முழக்கமும் யானையும் குதிரையும் வாணவேடிக்கையுமாக ஊர் அந்தப் போரைத் திரும்ப நிகழ்த்துகிறது. வென்றவள் பகவதி. தோற்றவன் வெறும் கொங்கன். விழாவில் அவனுக்குக் குலமும் இல்லை, ஆட்சியாண்டும் இல்லை. பாலக்காட்டு அரசருக்குப் பெரும்படப்பும் (கொச்சி) வள்ளுவநாடும் ஏறநாடும் துணைக்கு வந்தன என்று ஒரு மரபு சொல்கிறது. விழாவின் நடுவிடம் அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

இத்தகைய போர் ஒன்று சீனத்தில் நடந்திருந்தால் ஆண்டு, மாதம், நாளோடு ஏட்டில் ஏறியிருக்கும். வீழ்ந்த மரபின் வரலாற்றை அடுத்து வந்த மரபு எழுதுவது அங்கே அரச கடமை. சோங் மரபின் வரலாற்றை மங்கோலிய யுவான் அரசு 1345இல் முடித்தது. யுவானின் வரலாற்றை மிங் அரசு தான் நிலைகொண்ட சூட்டோடு 1369, 1370 ஆண்டுகளில் தொகுத்தது. மிங்கின் வரலாறு சிங் ஆட்சியில் 1739இல் முற்றுப்பெற்றது. சீன மரபுகளின் எழுச்சி வீழ்ச்சி பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி இப்படி அடுத்தவர் கையால் எழுதப்பட்டது. முதலரசன் வீரன், கடைசி அரசன் கொடியவன் அல்லது சோம்பேறி என்ற வார்ப்பு மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் துணிபு.

அந்த வார்ப்பின் அடியில் இருப்பது விண்ணின் ஆணை என்னும் கருத்து. கி.மு. 1046 வாக்கில் ஷாங் மரபை வீழ்த்திய சௌ மரபினர் தங்கள் செயலை நியாயப்படுத்த இதை முன்வைத்தார்கள். விண் ஒருவனுக்கு ஆணை தருகிறது; அவன் அறம் பிறழ்ந்தால் அதைப் பறித்து இன்னொருவனிடம் கொடுக்கிறது. எந்தக் காலத்திலும் ஆணை ஒன்றே, அதை உடையவனும் ஒருவனே. கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் மரபு பதினைந்தே ஆண்டில் சரிந்தபோதும், நானூறு ஆண்டுக்கால ஹான் ஆட்சியின் நடுவே கி.பி. 9இல் வாங் மாங் அரியணையைக் கைப்பற்றி 23இல் கொல்லப்பட்டபோதும், விளக்கம் இந்த ஒரே சட்டகத்துக்குள் அடக்கப்பட்டது.

வாங் மாங்கின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஹான் வரலாற்றாசிரியர்கள் அவனை வஞ்சகன் என்றார்கள். ஹான்ஸ் பீலன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் பார்வையை மஞ்சள் ஆற்றின் பக்கம் திருப்பினார். வாங் மாங் காலத்தில் ஆறு கரையுடைத்துப் போக்கு மாறியது. வடசீனச் சமவெளியின் உழவர்கள் நிலமிழந்து பட்டினியோடு இடம்பெயர்ந்தார்கள். செம்புருவக் கலகக்காரர் என்று பெயர்பெற்ற கூட்டம் அவர்களிடையே திரண்டது. 1344இலும் அதே ஆறு பெருகியது. ஆற்றைச் சீரமைக்க 1351இல் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடையே மூண்ட செந்தலைப்பாகைக் கலகம் யுவான் ஆட்சியின் அடித்தளத்தை அசைத்தது. பசித்த உழவனுக்கு ஆணை எவரிடம் இருந்தது என்பது பொருட்டே அன்று.

இனிக் கணவாய்க்கு வருவோம். வடமலைக்கும் தென்மலைக்கும் நடுவே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத்தொடர்ச்சி மலை இங்கே விட்டுப்போகிறது. கரூரைத் தலைநகராகக் கொண்ட சேரருக்கும் மேலைக்கடல் துறைமுகங்களுக்கும் இயல்பான வழி இது. கரூரை அடுத்த புகழூரில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இரும்பொறை மரபில் மூன்று தலைமுறைகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒரே குடி மலையின் இருபுறமும் ஆண்ட காலம் அது. பின்னாளில் மகோதயபுரத்துச் சேரப் பெருமாள்கள் மேற்கே ஆண்டபோது, கொங்கு முதலாம் பராந்தகன் காலந்தொட்டுச் சோழர் செல்வாக்கின்கீழ் வந்தது. அதன்பின் இரு பக்கங்களுக்கும் நடுவே சித்தூர் எல்லையாயிற்று.

பெருமாள் ஆட்சி 12ஆம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் முடிகிறது. ஏறக்குறைய அதே வேளையில், 1127இல், சோங் பேரரசின் தலைநகரான கைஃபெங்கை ஜுர்ச்சென்கள் பிடித்தார்கள். அரசனையும் அவன் தந்தையையும் சிறையெடுத்துப் போனார்கள். இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு துலங்கும். சோங் அரசு தெற்கே நகர்ந்து ஹாங்சௌவில் மறுபடி அமைந்தது. 1279 வரை, இன்னும் ஒன்றரை நூற்றாண்டு, ஆண்டது. தேர்வு எழுதி வந்த அலுவலர் கூட்டம், வரிப்பதிவு, ஏடு எல்லாம் கூடவே நகர்ந்தன. மகோதயபுரத்திலிருந்து எதுவும் நகரவில்லை. நகர்த்தப்படக்கூடிய ஓர் அரசு இயந்திரம் அங்கே இருந்ததா என்பதே கேள்வி.

வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை பெருமாள்களின் வீழ்ச்சிக்குச் சோழப் போர்களைக் காரணம் காட்டினார். நூறாண்டுப் போரின் நெருக்கடியில் கேரளச் சமூகமே மாறியது என்றார். பின்வந்த வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் பெருமாளை நம்பூதிரிக் குழுவாட்சியின் சடங்குத் தலைவராகக் கண்டார். என் நோக்கில் இரண்டாவது விளக்கமே வலுவானது. கோயில் நிலங்களை ஊராளர் சபைகள் நடத்தின. பல கோயில்களின் கல்வெட்டுகள் மூழிக்குளக் கச்சம் என்ற கோயில் ஒழுங்குமுறையை விதியாகச் சுட்டுகின்றன. நாடுகள் நாடுவாழிகள் என்ற உள்ளூர்த் தலைவர்களின் பரம்பரைக் கையில் இருந்தன. 1102ஆம் ஆண்டுக் கொல்லம் கல்வெட்டில் பெருமாள் இராம குலசேகரன் ஆரியரோடு, அதாவது பிராமணரோடு, நேர்ந்த பகைக்குப் பிராயச்சித்தம் செய்கிறான். ஹான் பேரரசன் வூவும் கி.மு. 89இல் தன் போர்களால் விளைந்த துன்பத்துக்கு வருந்தி ஓர் ஆணை விடுத்தான். வூ தன் குறையைத் தானே ஏற்றுப் பேரரசனாகவே நீடித்தான். இராம குலசேகரனோ தன் மண்ணிலேயே வாழ்ந்த ஒரு கூட்டத்தாரிடம் பரிகாரம் செய்ய வேண்டியிருந்தது. அதிகாரம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதனால்தான் கேரளத்தின் வீழ்ச்சிக் கதையும் வேறு வடிவம் கொண்டது. கேரளோற்பத்தி என்ற தொன்மக் கதை மரபில் சேரமான் பெருமாளை யாரும் தோற்கடிப்பதில்லை. அவரே நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மக்காவுக்குப் போகிறார். சீனத்தில் ஆணை ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் பறிபோகிறது. இங்கே ஒருவரிடமிருந்து பலருக்குப் பகிரப்படுகிறது. கோழிக்கோட்டுச் சாமூதிரி, கொச்சியின் பெரும்படப்பு உள்ளிட்ட சொரூபங்கள், அதாவது அரச குடிகள், தம் உரிமைக்கு ஒரே மூலத்தைக் காட்ட முடிந்தது. முந்தைய மரபை இழித்தெழுத அவர்களுக்குத் தேவையே எழவில்லை. பெருமாளின் நற்பெயர்தான் அவர்கள் கையிலிருந்த பத்திரம். ஒரே அரசனின் கீழ் கேரளம் மறுபடி ஒன்றுபடாமல் போனதற்கும் இந்தப் பங்குக் கதையே கருத்தளவில் அரண் செய்தது என்று கருதுகிறேன்.

இவ்விரு முறைகளும் நேருக்கு நேர் சந்தித்த தருணம் ஒன்று உண்டு. மிங் பேரரசன் யோங்லே, தன் கடற்படைத் தலைவன் செங் ஹெயின் கப்பல்கள் வழியே மலபாரோடு உறவு கொண்டான். கோழிக்கோட்டு அரசரை முதலில் ஏற்பளித்துச் சிறப்பித்தான். 1416இல் கொச்சி அரசருக்கு முத்திரை அனுப்பி, அந்நாட்டு மலை ஒன்றுக்கு நாடு காக்கும் மலை எனப் பட்டம் சூட்டி, தானே இயற்றிய கல்வெட்டு வாசகத்தையும் கொடுத்தனுப்பினான். ஓயாமல் மோதிக்கொண்ட இரு சொரூபங்களும் ஒரே பேரரசனிடமிருந்து தகுதி பெற்றன. பெருமாளிடமிருந்து பங்கு பெற்றுப் பழகியவர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரிந்திராது.

பழைய மரபின் பெயரால் உரிமை காட்டும் இதே தர்க்கம் கேரளத்தின் கிழக்கு மலையில் இன்னொரு வடிவில் நின்றது. மதுரையை விட்டு வந்த பாண்டியக் குடியினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட பூஞ்ஞாறு அரச குடும்பம்தான், இன்றைய மூணாறை உள்ளடக்கிய கண்ணன் தேவன் மலையை 1877இல் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு விட்டது. தேயிலைத் தோட்டங்களின் வரலாறு ஒரு பாண்டிய வழித்தோன்றல் உரிமையிலிருந்து தொடங்குகிறது.

சித்தூரோ கொச்சியின் பங்கில் விழுந்தது. 1757இல் சாமூதிரிக்கு எதிராகப் பாலக்காட்டு அரசர் திண்டுக்கல்லில் இருந்த மைசூர்ப் படைத்தலைவன் ஹைதர் அலியின் உதவியை நாடினார். உதவிப் படை வந்த வழியே 1766இல் ஹைதரின் வெற்றிப் படையும் வந்தது. அவ்வாண்டு எழுந்த பாலக்காட்டுக் கோட்டை இன்னும் நிற்கிறது. கொச்சி திறை செலுத்தித் தப்பியது. 1791இல் கிழக்கிந்தியக் கும்பினியோடு உடன்படிக்கை செய்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் கும்பினிக்குப் போயிற்று. சித்தூர் மட்டும் கொச்சியின் மற்ற நிலப்பரப்போடு ஒட்டாத துண்டாக, பிரிட்டிஷ் நிலத்தின் நடுவே தொடர்ந்தது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956இல் கேரளம் பிறந்தது. 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் அமைந்தபோதுதான் சித்தூர் தாலுகா தன் அண்டை ஊர்களோடு ஒரே நிர்வாகத்தில் சேர்ந்தது.

இன்று அந்தத் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி வட்டாரங்களில் தமிழ்தான் பேச்சு. நிலம் கேரளத்தின் மற்றப் பகுதியைவிட வறண்டது. சில இடங்களில் கொங்கின் கரிசல்மண்ணே இப்பக்கமும் நீள்கிறது. சோகநாசினி என்று ஊரார் அழைக்கும் சித்தூர்ப்புழைக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் தமிழகத்திலிருந்து வந்துசேர வேண்டும். கும்ப மாத வெயிலில், கொங்கன் படை நடக்கும் நாட்களில், ஆற்றில் எவ்வளவு ஓடும் என்பது பெரிதும் கொங்குப் பக்கம் ஆழியாற்றிலிருந்து திறந்துவிடும் அளவைப் பொறுத்தது.