ஷட்டரும் மின்வெட்டொளியும்: ஓர் எளிய இணைப்பின் வரலாறு

1950-களில் ஜெர்மனியில் செய்யப்பட்ட பிலிம் கேமராவுடன், இன்று சீனத் தொழிற்சாலைகளில் தயாராகும் கம்பியில்லா ஃபிளாஷ் தடையின்றி இயங்குகிறது. ஆனால் 1980-களில் மிக நவீனமானவையாகப் போற்றப்பட்ட தானியங்கி ஃபிளாஷ் வசதிகள், தமக்குரிய கேமராவை விட்டு வேறொன்றில் பொருத்தப்பட்டால் பெரும்பாலும் செயலற்றுப் போகின்றன. ஷட்டர் திறக்கும் கணத்தில் இரண்டு உலோக முனைகள் தொட்டு மின்சுற்றை மூடுவது என்ற எளிய ஏற்பாடு எப்படி உருவாயிற்று, எப்படி நிலைத்தது என்பதை அறிந்தால் இந்த முரண் விளங்கிவிடும்.

தொடக்கத்தில் ஒளிக்கும் ஷட்டருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. 1887-இல் ஜெர்மானியர்களான அடால்ஃப் மீத்தேவும் யோஹான்னஸ் கேடிக்கேவும் மெக்னீசியத் தூளுடன் பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்த்து வெடிபோல் எரியும் ஒளிப்பொடியை உருவாக்கினார்கள். இருட்டில் லென்ஸைத் திறந்து வைத்து, பொடியைக் கொளுத்தி, பின்னர் லென்ஸை மூடுவதே அக்கால முறை. நியூயார்க்கின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளை ஜேக்கப் ரீஸ் படமெடுத்ததும், 1890-இல் அவர் வெளியிட்ட நூல் வீட்டுவசதிச் சீர்திருத்தத்துக்கு வலுச் சேர்த்ததும் இந்தப் பொடியின் துணையால்தான். எனினும் புகையும் தீ விபத்தும் அதை விட்டு நீங்கவில்லை.

1929-ஐ ஒட்டி ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ஃபிளாஷ் பல்பு இந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்தது. ஆக்சிஜன் நிரம்பிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய உலோகத் தாள் எரிந்ததால் புகை வெளியே வரவில்லை. பற்றவைக்கச் சிறு பேட்டரியே போதுமானதால், ஷட்டரே அந்த மின்சுற்றை மூடலாம் என்ற வழியும் பிறந்தது. ஆனால் பல்பு உச்ச வெளிச்சத்தை எட்ட ஏறத்தாழ 20 மில்லி வினாடி ஆகும் என்பதால், ஷட்டர் முழுமையாகத் திறப்பதற்கு அவ்வளவு நேரம் முன்னதாகவே மின்சாரம் பாய வேண்டியிருந்தது. இந்த முன்கூட்டிய இணைப்பே கேமராக்களில் ‘எம்’ என்ற எழுத்தால் குறிக்கப்படுகிறது.

மின்னணு ஃபிளாஷின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஹரோல்ட் எட்ஜர்ட்டன் 1930-களில் வளர்த்தெடுத்த முறையில், மின்தேக்கியில் சேமித்த ஆற்றல் வாயுக் குழாயினுள் ஒரே வீச்சில் பாய்ந்து, கண நேரத்தில் ஒளியாகித் தீர்ந்துவிடுகிறது. இதற்கு ஷட்டர் முழுமையாகத் திறந்த பின்னரே இணைப்பு மூட வேண்டும். அதைக் குறிப்பது ‘எக்ஸ்’. இன்றைய கம்பியில்லா ஃபிளாஷ்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே என்பதால், பழைய கேமராவில் ‘எம்’, ‘எக்ஸ்’ இரண்டில் ஒன்றைத் தேரும் நெம்புகோல் ‘எம்’ நிலையில் இருந்தால், வேகமான ஷட்டரில் ஃபிளாஷ் மின்னிய பிறகே பிலிமுக்கு வழி திறக்கும், சட்டகத்தில் ஃபிளாஷின் ஒளி பதியாது.

ஷட்டரின் அமைப்பும் இங்கே முக்கியமானது. லென்ஸுக்குள் இருக்கும் இதழ் ஷட்டர் எந்த வேகத்திலும் ஒரு கணமாவது முழுமையாகத் திறப்பதால், 1957-இல் வந்த ஹாசல்பிளாட் 500சி தன் உச்ச வேகமான 1/500 வினாடியிலும் ஃபிளாஷை ஏற்கிறது. பிலிமுக்கு முன்னால் ஓடும் திரை ஷட்டரோ, வேகம் கூடும்போது ஒரு குறுகிய பிளவாகவே நகர்கிறது. ஃபிளாஷ் அந்தப் பிளவை மட்டுமே நிரப்பும். லைக்கா எம்3 1/50 வினாடியிலும், நிக்கான் எஃப் 1/60 வினாடியிலும் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். இந்தக் கேமராக்களில் மின்னணு ஃபிளாஷை எவ்வழியே இயக்கினாலும் இந்த வரம்பு மாறுவதில்லை.

இணைப்பின் வடிவத்தைப் பொதுவாக்கியதில் ஜெர்மானிய ஷட்டர் நிறுவனங்களுக்குப் பெரும் பங்குண்டு. பிரான்டார், காம்பூர் என்ற இரு ஷட்டர்களின் முதலெழுத்துகளால் ‘பி.சி.’ என்று வழங்கும் சிறு வட்டத் துளை, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. கேமராவின் தலைப்பகுதியில் துணைக்கருவிகளைச் செருகும் ஷூவில், நடுவே ஒரு மின்முனையைச் சேர்த்த ‘ஹாட் ஷூ’ பின்னர் பொதுவழக்காயிற்று. 1975-இல் ஒலிம்பஸ் ஓஎம்-2, பிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கேமராவுக்குள்ளேயே அளந்து ஃபிளாஷை நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தது. அது அரிய சாதனை. ஆனால் அதைத் தொடர்ந்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வேறு முனைகளையும் குறிமுறைகளையும் சேர்த்துக்கொண்டதால், தானியக்கம் நிறுவன எல்லைகளுக்குள் அடைபட்டது. டிஜிட்டல் கேமராக்கள் முன்கூட்டியே ஒரு சிறு மின்னலை வீசி அளக்கும் முறைக்கு மாறியபின், பிலிம் கால மொழியைப் புரிந்துகொள்ளும் புதிய ஃபிளாஷ்கள் அருகிவிட்டன.

கம்பியில்லா இயக்கம் முதலில் ஒளிவழியாகவே நிகழ்ந்தது: ஒரு ஃபிளாஷ் மின்னுவதை ஒளியுணரி கண்டு மற்றொன்றை இயக்கும். வெயிலும் மறைப்புகளும் அதற்குத் தடையாக இருந்ததால் ரேடியோ அலை அந்த இடத்தைப் பிடித்தது. இன்று விலை மலிந்த கருவிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. ரேடியோ ட்ரிக்கர் கேமராவிடம் கேட்பது அந்தப் பழைய இரு முனைகளின் தொடுகையை மட்டுமே. ஹாட் ஷூ உள்ள கேமராவில் அதை நேரடியாகச் செருகலாம், இல்லாதவற்றில் பி.சி. துளையிலிருந்து ஒரு குட்டைக் கம்பி போதும். ஷூவில் மின்முனை இல்லாமல் உலோகத் தகடு மட்டும் இருந்தால், ட்ரிக்கரின் அடிமுனை அதில் பட்டுக் குறுக்குச் சுற்று ஏற்படாதபடி காப்பு நாடா ஒட்டுவது நல்லது.

பழைய ஃபிளாஷ்கள் சில 200 வோல்ட்டுக்கும் மேலாக இணைப்பு முனைகளில் செலுத்தின; புதிய ட்ரிக்கர்கள் சில வோல்ட்டுகளோடு நின்றுவிடுவதால், வயதான முனைகளுக்கு அவற்றால் தீங்கில்லை. அதே காரணத்தால், முனைகளில் படிந்த ஆக்சைடு படலத்தை அந்தச் சிறு மின்னழுத்தம் ஊடுருவத் தவறக்கூடும். ஆகவே அவற்றைத் துடைத்துத் தூய்மைப்படுத்துவது அவசியமாகிறது. ஒளியின் அளவைத் தானியக்கத்துக்கு விடாமல், ஃபிளாஷின் வழிகாட்டு எண்ணைப் பொருளுக்குள்ள தொலைவால் வகுத்து லென்ஸ் துளையைக் கணிக்கும் பழைய கணக்கோ, ஃபிளாஷ் மீட்டரோ கொண்டு தீர்மானிக்க வேண்டும். கணக்கைப் படம்பிடிப்பவரே போட வேண்டியிருப்பதால், ஒளியைப் பற்றிய அறிவும் அவரிடமே தங்குகிறது.

தானியங்கி நுட்பங்கள் தத்தம் காலத்தில் பெரும் பயன் தந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் அரை நூற்றாண்டைக் கடந்து பயன்பட்டு வருவது, எந்த நிறுவனமும் தன் உடைமையாக்கிக்கொள்ளாத, எவரும் அறிந்து பழுதுபார்க்கத்தக்க இணைப்பே. கருவிகளை வடிவமைப்பவர்கள் புதிய வசதிகளைச் சேர்க்கும்போதும், அவற்றுக்கு அடியில் இத்தகைய பொதுவான, எளிய வழியொன்றைத் திறந்தே வைக்க வேண்டும். அப்போதுதான் இன்றைய கருவிகளும் நாளைய தலைமுறையின் கையில் உழைக்கும்.